ஈரப்பதம் பதினொன்று

பண்ணைக்காட்டுக்கு மேலே மூன்றாவது வளைவில்
கொள்முதல் நிலையம்:
தகரக் கூரை, தராசு, டேப்லெட், நான்.
சிக்னல் வேண்டுமென்றால்
சில்வர் ஓக் மரத்தடிவரை நடக்க வேண்டும்.

நள்ளிரவு ஒன்றே முக்காலுக்கு
சென்னையில் தரமணிப் பக்கம்
ஏழாவது மாடியில் யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள்.
இயந்திரம் பதினாறு கிராம் அரைக்கிறது.
அந்தப் பதினாறு கிராமைக் கழிக்க
எந்தக் கணக்குப்பிள்ளையும் விழித்திருப்பதில்லை.
தானாகக் கழிகிறது.
கிடங்கில் தானாக ஒரு குறை விழுகிறது.
குறை இரவோடிரவாக மலையேறி
காலை ஆறு மணிக்கு என் உள்ளங்கையில் அதிர்கிறது:
நாற்பது மூட்டை பார்ச்மென்ட்,
ஈரப்பதம் பதினொன்றுக்குள்.

மொக்கைச்சாமி பதினான்கு மூட்டையோடு வந்தார்.
ஒரு கைப்பிடி அள்ளிக் கருவியில் போட்டு மூடினேன்.
பன்னிரண்டு புள்ளி மூன்று.
திரை சிவந்தது.
"நேத்து மழையே இல்ல தாயி, பனிதான்."
பனிக்கு இந்த ஆப்பில் கட்டம் இல்லை.
மழைக்கு உண்டு. தொட்டால்
'நாளை முயலவும்' என்கிறது.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன்.
இதற்கு முன் வத்தலக்குண்டு சேவுகன்
பல்லால் கடித்துப் பார்ப்பார்.
எந்த விதையும் அவர் பல்லுக்குக் காய்ந்ததே இல்லை,
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு, கேள்வி கிடையாது.
கருவி யாரிடமும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறது.
பணம் சாயங்காலமே வங்கிக்கு வந்துவிடுகிறது.
ஆனால் சேவுகனிடம்
பேத்தி காதுகுத்துக்கு முன்பணம் கேட்கலாம்.
மொக்கைச்சாமி இதனிடமும் ஒருமுறை கேட்டார்,
பாதி விளையாட்டாக, டேப்லெட்டைப் பார்த்து.
உதவி என்ற இடத்தைத் தொட்டேன்.
ஒரு பெண்குரல் எங்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னது.

பொங்கலுக்கு ஐந்து நாள் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தது.
பொத்தானை அமுக்க விரல் இல்லை.
தேவை: பூஜ்யம். வண்டி: ரத்து.
செடிக்கு விடுமுறை தெரியாதே,
பழம் பாட்டுக்குப் பழுத்து விழுந்தது.
களத்தில் காயப்போட்டதன் மேல்
ராத்திரி ஒரு காட்டுமாடு நடந்துபோயிருக்கிறது,
ஒவ்வொரு குளம்படியிலும் உமி உடைந்த விதைகள்.
அதற்கும் கட்டம் இல்லை.
'பிற காரணம்' என்று போட்டேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.
ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும்.
போனைக் காட்டினால்
விளைவித்தவர் பெயர், ஊர், ஏக்கர், படம்.
முதல் நாள் சோதனைக்கு
என் படத்தைப் போட்டுப் பார்த்தோம்.
பிறகு மாற்ற முடியவில்லை.
புகார் எண் தந்திருக்கிறார்கள், பதினோரு இலக்கம்.
ஒரு செடிகூட இல்லாத என் முகம்
மொக்கைச்சாமி, ஒன்றே முக்கால் ஏக்கர் என்று
ஊர் ஊராகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

தை கடைசியில் ஒரு செய்தி வந்தது:
'மொக்கைச்சாமி அம்மாளுக்கு வணக்கம்.
உங்கள் காபியில் ஆரஞ்சு வாசம்.
தோட்டத்து ஆரஞ்சு மரங்களை நினைத்துக்கொண்டே குடித்தேன்.'
மரத்தடியில் நின்று சத்தமாக வாசித்தேன்.
அம்மாளுக்கு அவர் சிரிக்கவில்லை.
"ஆரஞ்சா?
அது நோய் விழுந்து போன வருசமே வெட்டியாச்சே"
என்று மட்டும் சொன்னார்.
பிறகு, "பரவால்ல, வாசம் வந்துச்சாமா?"

பதில் எழுதப் பார்த்தேன்.
இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப இயலாது.
அதற்குள் திரை மங்கிவிட்டது.
விரலால் தட்டி எழுப்பி
அவர் நீட்டிய கைப்பிடியை உள்ளே போட்டேன்.
பதினொன்று புள்ளி நான்கு.
"இன்னும் ஒரு வெயில்" என்றேன்.
இருவரும் மேலே பார்த்தோம்.
பெருமாள் மலைப் பக்கமிருந்து
வெள்ளையாக என்னவோ இறங்கிக்கொண்டிருந்தது.