நாளுக்கு நான்கு வினாடி

பேரங்காடியின் மூன்றாம் மாடி.
வைரக் கடைக்கும் வாசனைத் திரவியக் கடைக்கும் நடுவே
என் முகப்பு.
பழுதுபார்ப்பு என்று எழுத அனுமதியில்லை,
பராமரிப்பு என்றுதான் பலகை.

கணக்காய்வாளர் மகாலிங்கசிவம்
பங்சாரிலிருந்து மூன்றாம் தடவையாக வந்திருக்கிறார்.
கையில் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம்.
தேதி, நேரம், பிழை.
கூட்டல் நான்கு, கூட்டல் நான்கு, கூட்டல் ஐந்து,
ஒரு ஞாயிறு மட்டும் கூட்டல் மூன்று,
அதன் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

முதல் தடவை வந்தபோதே கேட்டார்:
"எழுபதாயிரம் வெள்ளி கொடுத்திருக்கிறேன்.
இது ஓடுகிறதா, ஓடிப்போகிறதா?"

பயிற்சியில் சொன்னதை ஒப்பித்தேன்.
ஐயா, உள்ளே ஒரு சிறு சக்கரம்
வினாடிக்கு எட்டுத் தட்டு தட்டுகிறது.
நாளுக்கு ஆறு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்துச் சொச்சம்.
அதில் முப்பத்திரண்டு கூடிவிட்டது, அவ்வளவுதான்.
உங்கள் தொழிலில் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு
கையெழுத்துப் போடுவீர்களே.

அவர் சிரிக்கவில்லை.
"அந்த முப்பத்திரண்டு யாருடையது?" என்றார்.

என் மணிக்கட்டில் இருப்பது
மஸ்ஜித் இந்தியா நடைபாதையில்
முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கியது.
மின்கலத்தில் ஓடுவது.
மாதத்துக்குப் பத்து வினாடிகூட நகராது.
வாடிக்கையாளர் வந்தால்
சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்வேன்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லவில்லை.
இந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது
பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் வாக்கில்.
எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்த இரவில்
எங்கள் ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து
அரைமணி நேரத்தைத் தாண்டிக் குதித்தன.
அதற்கு யாரும்
நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு அவர் விரல் வைத்த கட்டத்தில்
கூட்டல் முப்பத்தெட்டு.
அதற்கு மேலே பதினோரு கட்டங்கள் வெறுமை.

ஒலிவாங்கியின் மேல் கிடத்தினேன்.
திரையில் கோடு
மாடிப்படி ஏறுகிறவனைப் போல் ஏறியது.
திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனேன்,
முள் வெட்டித் திரும்பியது.
"காந்தம் ஏறியிருக்கிறது ஐயா.
எதன் பக்கத்தில் வைத்திருந்தீர்கள்?"

எதிர்க்கடையில் யாரோ வாசனையை விசிறினார்கள்.
அவர் ஒரு முறை தும்மினார்.
"வானொலி மேலே," என்றார் பிறகு.
"அவளுடைய வானொலி. அந்தப் பதினோரு நாளும்
அங்கேதான் கிடந்தது. சாவி கொடுக்கவில்லை."

யாரென்று நான் கேட்கவில்லை.
வெற்றுக் கட்டங்களின் நடுவே
மருத்துவமனை வண்டி நிறுத்தச் சீட்டு ஒன்று செருகியிருந்தது.
வெளியேறிய நேரம்:
அதிகாலை நான்கு, பன்னிரண்டு, முப்பத்தேழு.
அந்த இயந்திரத்தில் வினாடிக்கும் இடமிருந்தது.

நீலப் பெட்டியில் வைத்து ஒரு பொத்தான்.
மெல்லத் தூக்கினேன்.
முப்பத்தெட்டு போய்விட்டது,
பழைய நான்கு திரும்ப வந்தது.
"இரவில் குமிழ் கீழே இருக்க
நிற்க வைத்துப் பாருங்கள்.
பகலில் முந்தியதைத் தூக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்."
இதையும் அவர் எழுதிக்கொண்டார்.

நேரத்தைத் தானே வைப்பதாகச் சொன்னார்.
குமிழை இழுத்தார். வினாடி முள் பன்னிரண்டில் நின்றது.
என் கைபேசியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.
பூஜ்யம் வந்தது.
அவர் அழுத்தவில்லை.

இன்னொரு பூஜ்யம் வந்து போனது.
கீழே புக்கிட் பிந்தாங்கில்
நாலு மணி மழை
நாலே முக்காலுக்குத் தொடங்கியிருந்தது.
அடுத்த எண்ணை அழைக்கும் மணியை
நான் அடிக்கவில்லை.

மூன்றாவதற்கு
விரல் தயாராகத்தான் இருந்தது.