மூன்றாம் எண் எச்சரிக்கை

விராக்கில் மூன்றாம் எண் ஏற்றிவிட்டார்கள்.
எட்டு மணிக்குள் மின்சாரம் போகும்,
போனால் ஒரு வாரம் என்கிறாள்
எதிர்வீட்டு மரிவிக்.
உறைபெட்டியில் இரண்டு கிலோ பன்றிக்கறி,
சின்னவன் ஞானஸ்நானத்துக்கு வைத்தது.
ஞானஸ்நானம் தள்ளிப்போகலாம்.
கறி தாங்காது.

அடோபோ ஆக்கிவிட்டால் தாங்கும்.

தோலும் கொழுப்புமாய்ப் பெரிய துண்டுகள்.
பூண்டை உரிக்க நேரமில்லை,
தோலோடு தட்டிப் போடுகிறேன்.
முழு மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை, சோயா சாஸ்,
கடைசியில் தென்னங்காடி, குவளை நிறைய.
ஊற்றியபின் கரண்டி படக்கூடாது;
பச்சை வாடை தானாய்க் கிளம்பிப் போகும்வரை
மூடவும் கூடாது.

எகாய் கூரைமேல்
தகரம் பறக்காதிருக்கப் பழைய டயர்களைக் கட்டுகிறான்.
என்னைக் கேட்காமல் படகு மோட்டாரை விற்றான்.
நான் அதைக் கேட்டேன்,
அவன் தங்கை எதிரில்.
இன்றோடு மூன்று நாள்.

கண் எரிகிறது. காடிதான்.

ஏழு பத்துக்கே விளக்குகள் போய்விட்டன.
மரிவிக் கணக்கு எப்போதும் இப்படித்தான்.
அடுப்பின் நீல வளையம் மட்டும் மிச்சம்.
ஏணியில் காலடி, ஈரச் சட்டையின் வாடை;
கரண்டியைத் தடவி எடுக்கிறான்.

"இன்னும் இல்லை" என்கிறேன்.
"தெரியும்" என்கிறான்.

கொதி ஏறும்வரை இருவரும் நிற்கிறோம்,
தெருவில் யாருடைய வாளியோ உருண்டு போகிறது.
பிறகு ஒரு சொட்டு நீட்டுகிறான், உப்புப் பார்க்க.
இருட்டில் அது என் மூக்கில் இடிக்கிறது.

"சோறு?"

குக்கரைத் திறந்து பார்க்கிறேன்.
பாதி வெந்து நிற்கிறது அரிசி.