மூன்றாம் பல்

அதே வண்டிதான்.
பக்கெட்டில் மூன்றாம் பல் அன்றைக்கே ஒடிந்தது,
இன்னும் மாற்றவில்லை.
மானகிரிக்கு மேற்கே இந்தக் குவாரியில்
பதினோரு வருஷம் அள்ளினேன்.
இப்போது அதே டீசல் கணக்கில்
குழிக்குச் சரிவு வைக்கிறேன்.

"செங்குத்தா விடாதீங்க உடையப்பன்,
உள்ள விழுந்தா ஏற முடியாது அதால"
என்றார் ஜெசிந்தா மேடம்.
எதால என்று நான் கேட்கவில்லை.
மட்டம் பார்த்துப் பார்த்து நிரவினேன்.
"கல்யாண மண்டபமா கட்டுறோம்?" என்று
கலைக்கச் சொன்னார்.

செம்பூராங்கல் ஒரு விநோதம்.
மண்ணுக்குள் இருக்கையில் கோடாலிக்கு இளகும்,
காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும்.
நாங்கள் திறந்துபோட்ட சுவரெல்லாம்
அப்படித்தான் முறைத்துக்கொண்டு நின்றது.
எந்த நகம் அதில் வளை தோண்டும்?

சீமைக்கருவேலை வேரோடு போனது.
வீரை, காரை, உசிலை, சூரை:
கன்றுகளில் பாதியைச் சித்திரை தின்றது,
மீதியில் பாதியை ஆடு.
ஆட்டுக்காரர் சாத்தையாவோடு சண்டை,
பிறகு டீ,
பிறகு மந்தை கண்மாய்ப் பக்கம் திரும்பியது.

முதலில் வந்தது கறையான்தான்.
பட்டுப்போன வீரைக் குச்சியைச் சுற்றி
விரல் உயரம், சாண் உயரம்.
புற்றைக் கண்டதும் யாரோ
மஞ்சள் துணி கட்டி முட்டை வைத்துவிட்டார்கள்.
மேடம் தலையில் கை வைத்தார்.
முட்டையை எடுத்தேன்.
துணியைத் தொடத் துணியவில்லை.

மரத்தில் கட்டிய கேமராவில் ஏழு மாசமாய்
கீரி, நாய், கீரி,
ராத்திரி ஒன்றரைக்கு வந்து
சும்மா நின்றுவிட்டுப் போகும்
பழைய குவாரி முதலாளி.

ஐப்பசி மழைக்கு மறுநாள்
சாம்பல் படத்தில் ஒரு முதுகு.
ஓட்டை அடுக்கியது போலச் செதில்.
பின்னங்காலில் எழுந்து
முன்கைகளை நெஞ்சோடு மடக்கி,
கடன் கேட்க வந்து
வாசலில் தயங்குகிறவனைப் போல
அழுங்கு.

மேடம் அழுதார்.
எனக்குத் தொண்டை அடைத்தது வேறொன்றுக்கு.

ஆறாம் வருஷமோ ஏழாம் வருஷமோ
பக்கெட்டிலிருந்து உருண்டது ஒன்று.
கல் என்று நினைத்தேன்.
கல் மூச்சு விட்டது.
லாரிக்காரன் சாக்கில் கட்டிக்கொண்டு போனான்.
அடுத்த வாரம்
புது செல்போனோடு வந்தான்.
எனக்கும் பிரியாணி வாங்கித் தந்தான்,
தின்றேன்.

இதை மேடத்திடம் சொல்லவில்லை.
வண்டியை அணைத்துவிட்டு
நடந்தே இறங்கினேன் சரிவில்.
என் பக்கெட் கீறிய தடம்,
மூன்றாவது கோடு மட்டும் இல்லாமல்.
அந்த இடைவெளியில்
புதுசாய், ஈரமாய்,
நகக் கீறல்.