முந்தி வந்த எதிரொலி

பதினொன்றாம் வகுப்பு, செப்டம்பர் கடைசி வாரம்.
ஸ்காபரோவிலிருந்து ஏழு மணித்தியாலம் பஸ்,
பிறகு மூன்று கனூ, ஆறு பேர்.
நனைந்த சொக்ஸ் மணக்கும் கூடாரத்தில் நான், ஜசிந்தா, இஃப்ரா.
அடுத்ததில் ஆரூரனும் அப்டியும்.
தள்ளிப்போய்க் குறட்டை விடுகிறவர் மெக்கல்லம் சேர்.

கரையில் நின்று கத்தினால்
எதிர்க்கரைக் கற்பாறை திருப்பிக் கத்தும்.
அப்டி தன் அம்மாவின் பெயரைக் கத்தினான்.
ஜசிந்தா ஒரு கெட்ட வார்த்தையை.
ஆரூரன் "கொத்துரொட்டி!" என்று கத்த
ஏரி முழுக்க ரொட்டி ரொட்டி என்று பசித்தது.
குரல் போய்த் திரும்ப மூன்று விநாடி.
எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம்.

அடுத்த நாள் காலை, இரண்டு விநாடி.
கற்பாறை அதே இடத்தில்தான் இருந்தது.
"குளிருக்குச் சத்தம் மெதுவாயெல்லோ போகும்,
பிசிக்ஸ் படிச்சனீதானே" என்றான் ஆரூரன்.
பின்னேரம் ஒன்று.
இருட்டும்போது
நான் வாய் திறக்கவும் அது கத்தவும் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை யாரும் கத்தவில்லை.
சட்டி கழுவிக்கொண்டிருந்தோம்.
அக்கரையிலிருந்து வந்தது:
"ஆரூ... இஞ்ச வா... நான் இஞ்ச நிக்கிறன்..."

என்னுடைய குரல்.
மூக்கடைத்து, தொண்டை கிழிந்து,
அழுதழுது ஓய்ந்த பிறகு மிச்சம் இருக்குமே, அந்தக் குரல்.

இஃப்ராவின் கையிலிருந்த கரண்டி தண்ணீருக்குள் போனது.
அது அடியில் போய்ப் படுக்கும்வரை எல்லோரும் அதையே பார்த்தோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க.
ஆரூரன்தான் பேசினான்:
"நீ இன்னும் கத்தேல்லைத்தானே? கத்தாதை.
நீ கத்தாட்டி அது நடக்காது."
அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.
கை சவர்க்கார நுரையால் வழுக்கியது.

விடிய, அவனுடைய ஸ்லீப்பிங் பேக்
கழுத்துவரை ஸிப் இழுத்தபடி கிடந்தது.
உள்ளே சூடு இன்னும் ஆறவில்லை.
சப்பாத்து இரண்டும் கூடார வாசலில்.
உறைபனிப் புல்லில் வெறுங்கால் தடங்கள்
தண்ணீர்வரை போயிருந்தன.
கனூ மூன்றும் கவிழ்த்தபடியே.

சேர் கத்தினார், அப்டி கத்தினான், எல்லோரும் கத்தினார்கள்.
ஒருவருடைய குரலும் திரும்பி வரவில்லை.
நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்,
வாய்க்குள் இரத்தம் கரித்தது.

வெண்புகாருக்குள் எங்கோ தண்ணீர் சளசளத்தது.
இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் நின்று
எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று திரும்புகிற சத்தம்.
யாரோ சொல்லியிருந்தால் போதும்.
நான் சொல்லியிருந்தால் போதும்.

"இஞ்ச வா" என்றது என் குரல்,
அக்கரையில்.
"நான் இஞ்ச நிக்கிறன்."

சளசளப்பு அந்தப் பக்கம் போனது.
நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஹெலிகொப்டர் வந்தது, நாய்கள் வந்தன,
சுழியோடிகள் ஒரு கரண்டியோடு மேலே வந்தார்கள்.
"நீ அவனைக் கூப்பிட்டாயா?" பொலிஸ்காரி கேட்டாள்.
கொப்பியை வாங்கி எழுதிக் கொடுத்தேன்:
இல்லை.
பெப்ரவரிவரை எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுத்தேன்,
டிம் ஹோர்ட்டன்ஸில் தேநீர் கேட்பதைக்கூட.

இன்று பிளஃப்ஸ் அடிவாரத்தில் ஆளில்லை.
ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரை தெரியாது.
வாயைத் திறந்தேன்.
மூக்கடைத்து, தொண்டை கிழிந்து
அதே குரல் வந்தது, அச்சொட்டாக.
"ஆரூ, இஞ்ச வா, நான் இஞ்ச நிக்கிறன்."

இதற்கு வரவேண்டிய எதிரொலி
செப்டம்பரிலேயே வந்து போய்விட்டது.
தெரியும்.
தெரிந்தும் எண்ணுகிறேன்.
இருநூற்றுப் பத்து.
இருநூற்றுப் பதினொன்று.