மோதிரம் பம்புக்குள் போய்விட்டால்

மூன்று வருடம் என் தளத்தின் தலைப்பு
‘முகப்பு.’
உள்ளே போனால் விலைப் பக்கமும் ‘முகப்பு.’
லியபாயாவில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவள் விஸ்மா
என்று எங்கேயும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தது இது:
‘இல்லச் சாதனங்களுக்கான முழுமையான தொழில்நுட்பத் தீர்வுகள்.’
எழுதிய அன்று
எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

தேடுபொறியில் பன்னிரண்டாம் பக்கம்.
மூடிப்போன பல் ஆஸ்பத்திரி ஒன்றும்
2009-இன் டிராம் அட்டவணையும்
அங்கே என் அண்டை வீட்டார்.

ரீகாவிலிருந்து ரைவிஸ் கூப்பிட்டான்.
வெள்ளைமேல் வெள்ளையாய்
‘ரிப்பேர்’ என்று முந்நூறு தடவை எழுதலாமாம்,
ஆட்களுக்குத் தெரியாது, இயந்திரம் படிக்கும்.
மாதம் தொண்ணூறு யூரோவுக்கு
நானூறு தளங்கள் என்னைக் கைகாட்டுமாம்.
அத்தனை பேருக்கு என்னை எப்படித் தெரியும்?
தெரியாது, அதுதான் வசதி என்றான்.
வைத்துவிட்டேன்.
நேர்மை பாதி. மீதி,
கையில் தொண்ணூறு யூரோ இல்லை.

பிறகுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன்,
எந்தச் சொல்லுக்கு என் பக்கம் தலைகாட்டியது என்று.
ஒருத்தரும் தீர்வு தேடவில்லை.
‘தண்ணி வெளிய போகல’
‘மெஷின் குதிக்குது’
‘துவைச்ச துணி நாறுது ஏன்’
எங்கள் எழுத்துக்குத் தலையில் கோடு உண்டு, காலில் கொக்கி உண்டு.
தேடுகிறவர்கள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு
ஈரக் காலோடு வருகிறார்கள்.
கடைசியில் ஒரு வரி:
‘மோதிரம் மெஷினுக்குள்ள போயிடுச்சு’
பதினோரு முறை.
பதினோரு பேரா,
ஒரே ஆள் பதினோரு முறையா,
பட்டியல் சொல்லாது.

அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்.
கீழே வலது மூலையில் ஒரு சின்னக் கதவு.
அகலமான தட்டு வையுங்கள், பழைய துண்டும்.
மூடியை மெல்லத் திருகுங்கள், தண்ணீர் கோபமாக வரும்.
ப்ளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள்தானே?
(இதை மேலே ஏற்றினேன்.)
என் படங்கள் ஒவ்வொன்றும் எட்டு எம்பி.
டிராமில் திறந்தால்
இறங்கும் நிறுத்தம்வரை வெள்ளைத் திரை.
இளைக்க வைத்தேன்.
ஐஎம்ஜி 4471 என்றிருந்த இடத்தில்,
பார்வையற்றவருக்கும் கண்ணே இல்லாத இயந்திரத்துக்கும் சேர்த்து,
‘வடிகட்டியில் சிக்கிய பித்தளைப் பட்டன்’ என்று எழுதினேன்.
வரைபடத்தில் நான் இன்னும் பழைய தெருவில் இருந்தேன்.
வீடு மாற்றினேன்.
இரும்புக்கடை மைரிடா தன் தளத்தில் ஒரு வரி சேர்த்தாள்:
‘பம்ப் மூடி இங்கே கிடைக்கும். மாட்ட வராவிட்டால் விஸ்மா.’
நானூறு இல்லை. ஒன்று.
ஆனால் அவளுக்கு என்னைத் தெரியும்,
ஸ்பானர் செட்டுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஏழாம் வாரம் மூன்றாம் பக்கம்.
பிறகு முதல் பக்கத்தின் அடிவாரம்.
படித்தவர்கள் தாங்களே கதவைத் திறந்து
தாங்களே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது,
போன் அடிக்கவில்லை.

மார்ச்சில் கரோஸ்தாவிலிருந்து கெனாதி.
எல்லாம் நீங்கள் எழுதியபடி செய்தேன்,
தண்ணீர் வந்தது, மோதிரம் வரவில்லை,
மூடி திரும்ப ஏறவில்லை.

போய்ப் பம்பைக் கழற்றினேன்.
விசிறிக்குப் பின்னால் இருந்தது, நூல்கந்தை சுற்றி.
ஜட்டி பனியன்களோடு ஐந்து மாதம் சுற்றிய தங்கம்.

எப்படித் தேடினீர்கள்? தொழில் கேள்வி, கேட்டுவிட்டேன்.
‘மோதிரம்’ என்று அடித்தாராம், நகைக்கடைகள் வந்தன.
‘தொலைந்த மோதிரம்’ என்றார், பிரார்த்தனைகள் வந்தன.
‘அப்புறம் நடந்ததை நடந்தபடியே அடித்தேன்.
முதலில் யாருமில்லை.
போன வாரம் நீங்கள் இருந்தீர்கள்.’

பதினோரு தடவை?

விரலில் மோதிரத்தை ஏற்றிக்கொண்டே யோசித்தார்.
‘ஐந்து இருக்கும்.’

திரும்பும் டிராமில் கணக்குப் போட்டேன்.
ஆறு.