இரண்டு மாலை மட்டும்

முதல் கடை லாஜ்பத் நகரில்.
கண்ணாடி அறைக்குள் ஏசிக் குளிரில்
பூக்கள் வரிசையாக நின்றன, நேர்காணலுக்கு வந்தவர்கள்போல.
கோட்டு போட்ட பையன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான்:
ராஜஸ்தான் அரண்மனை,
டஸ்கனி மாலைப்பொழுது,
தென்னிந்தியக் கோயில்.
கடைசியதில் வாழைமரம் பிளாஸ்டிக்.

எத்தனை பேர் மேடம்?
பதினொன்று.
பதினொரு நூறா?
பதினொரு பேர். மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துக்கு,
ஒருவர் வக்கீல்.
சாகேத் பதிவாளர் அலுவலகத்தில் நாற்காலிகூட அத்தனை இல்லை.
எனக்கு வேண்டியது இரண்டு மாலை மட்டும்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பிவைத்தான்.

இரண்டாவது ஆள் போனில்.
மகளுக்கா மேடம் என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
மெட்ரோவில் மூன்று நிலையம் யோசித்தேன்.
இல்லாத அந்த மகளுக்கு
பத்து சதவீதம் தள்ளுபடி தந்திருந்தான்.

அப்புறம்தான் காசிப்பூர் மண்டி.
ஜனவரி. விடியற்காலை ஐந்து.
பனியில் குப்பைமலை தெரியவில்லை,
வாசனை மட்டும் வந்தது.
இந்தப் பக்கம் சாக்கு சாக்காக சம்பங்கி.
இரண்டும் ஒரே மூச்சில் உள்ளே போனால்
மணந்தது என்பதா, நாறியது என்பதா?
பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான்.
அந்தக் காலத்து ஆட்கள் ஒருமுறை
இங்கே வந்து போயிருக்க வேண்டும்.

சம்பங்கி என்று நான் சொல்வதை
சுபிமல் ரஜனிகந்தா என்பான்.
அதற்கு அவன் தும்முவதில்லை.
செண்டுமல்லிக்குத்தான், விடாமல் ஒன்பது தும்மல்.
எண்ணியிருக்கிறேன்.

மண்டியில் முழம் கிடையாது.
ஐந்து கிலோவுக்குக் குறைந்தால்
தராசைத் தொடமாட்டார்கள்.
வெறுங்கையோடு கேட்டைத் தாண்டினேன்.
டீக்கடைப் பக்கத்தில் ஒருத்தி
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
கால் கட்டைவிரலில் நூல் மாட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.
நூல் அறுந்தது.
அவள் திட்டியது தமிழில்.

வேம்பாயி. சின்னசேலம் பக்கம்.
என் வயதுதான் இருக்கும்.

யாருக்கு?
எனக்கு.
விரல்கள் நிற்கவில்லை.
முடி எவ்ளோ?
குல்லாவைக் கழற்றினேன். கழுத்துவரை.
இதுல சரம் நிக்காது, விடு.
ஆளு உன்னைவிட ஒசரமா?
அரை அடி.
தொந்தி?
கொஞ்சம்.

நாற்பத்தேழு வயதில் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு.
சொத்து யாருக்கு, சொல்லிவிட்டாயா, சாப்பாடு என்ன பழக்கம்,
எல்லாம் கேட்டார்கள்.
அவனுடைய தொந்தியை
இவள் ஒருத்திதான் கேட்டாள்.

எழுந்து என் கழுத்தில் வெறும் நூலைப் போட்டு
இடுப்புவரை இறக்கி ஒரு முடிச்சு.
ஒரு சாண் தள்ளி இன்னொன்று, அவனுக்கு.
மார்கழிப் பனியில் விரல் நுனி
கழுத்தில் பட்டது. ஜில்லென்று.

முதல் கல்யாணத்தில் என் மாலை எட்டு கிலோ.
பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.
ஒரு போட்டோவிலும் என் முகவாய் இல்லை.

கனமா வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
சம்பங்கி, நடுவுல ரோசு, கீழ கொஞ்சம் மரிக்கொழுந்து,
ஆயிரத்தி நானூறு என்றாள்.
பேரம் பேச வாயெடுத்து
டீ குடித்தேன்.

பத்தொம்போதாந்தேதி ஆறரைக்கு வா.
பனி இருந்தா ஏழு.

அவள் எண்ணைப் 'பூ' என்று சேமித்தேன்.
'பூ' ஏற்கனவே இருக்கிறது என்றது போன்.
லாஜ்பத் நகர்.
அதை அழித்துவிட்டு
இவளுக்கு முழுப்பெயர் போட்டேன்.

வீட்டு வாசலில்தான் பார்த்தேன்,
கோட்டு மடிப்பில் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த
செண்டுமல்லி இதழ் ஒன்று.
தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன்.
உள்ளே ஒரு தும்மல்.

இன்னும் எட்டு.