வியாழன், ஏழு மணி

அறிவிப்புப் பலகையில் நான்தான் எழுதினேன்,
பச்சை மார்க்கர் தீர்ந்துபோக
மீதி நீலத்தில்:
வியாழன், ஏழு மணி. சார்தாஷ் நடனம்.
குதிகால் வைத்த காலணி அவசியம்.
பயிற்றுநர்: போக்லார்கா.

போக்லார்கா நான்.
செகெட் நகரத்துக் கோடைப் பள்ளியில்
மணிக்கு இவ்வளவென்று
பதினோரு நாட்டுப் பிள்ளைகளை
உற்சாகமாக வைத்திருக்கும் வேலை.
திங்கள் படகு.
செவ்வாய் மீன் சூப், கூடவே ஏப்பம்.
புதன் அருங்காட்சியகம்.
(பிறந்த ஊர்தான், ஆனாலும்
அன்றுதான் நானும் முதன்முறை உள்ளே போனேன்.
டிக்கெட் கிழித்தவர் என்னிடமும்
மெதுவாக, உரக்கப் பேசினார்.)

நடனம் எனக்குத் தெரியாது.
நேர்காணலில் தெரியும் என்றிருந்தேன்.
வாடகை பாக்கி அப்படிச் சொல்லவைத்தது.
செவ்வாய் இரவு கதவைத் தாழிட்டு
மடிக்கணினியை இஸ்திரிப் பலகைமேல் நிறுத்தி
யாரோ ஒரு மீசைக்காரரின் பூட்ஸைப் பார்த்துக் குதித்தேன்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டினார்.
தாளம் அவரிடம்தான் இருந்தது.

வியாழன்.
வெயில் இறங்காத உடற்பயிற்சிக் கூடம்.
ஜன்னலைத் திறந்தால் திஸா ஆற்றின் கொசு,
மூடினால் வேர்வை.
கை தூக்கச் சொன்னோம்; கொசு வென்றது.
வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு என்றேன்
வானிலை வாசிப்பவள் குரலில்.
யெர்லான் ஏணியில் முட்டிக்கொண்டான்.
இனேஷ் செருப்பைக் கழற்றி எறிந்தாள்,
அது இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும்
தரை தன் வீட்டுத் தரை என்பதுபோல.
தொமோயே. ஒசாகாவிலிருந்து.
அங்கே ஒரு பல் மருத்துவமனையின் மாடியில்
நாலு வருடம், சனிக்கிழமை தவறாமல்
சார்தாஷ் ஆடுகிறவளாம்.
பிடில்காரருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை;
நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இடைவேளையில் வந்தாள்.
தாழ்ந்த குரலில், என் மொழியில்,
நானே தடுமாறும் விகுதியைத் தடுமாறாமல்,
"மன்னியுங்கள். குதிகால் அப்புறம்.
முதலில் முழங்கால்" என்றாள்.

காது எரிந்தது. கொசு என்று சொல்லிக்கொண்டேன்.
பிறகு அவள் கைகள் என் தோளில்,
என் கைகள் அவள் இடுப்பில்,
இருபத்து மூன்று பேர் பார்க்க
என் ஊர் நடனத்தை
எண்ணி எண்ணி ஆடினேன்.

வருகைத் தாளில் பயிற்றுநர் கட்டத்தில்
என் பெயரையே எழுதினேன்.
சம்பளம் வேண்டுமே.
அதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு லாங்கோஷ்,
சீஸ் இரட்டிப்பாய்.
டிராம் நிறுத்தத்தில் விரலெல்லாம் எண்ணெயோடு
"இன்னும் தாழ்வாக" என்றாள், வாய் நிறைய மாவோடு.
ஒன்றாம் எண் டிராம் வந்தது,
கதவைத் திறந்தது,
எங்கள் முழங்கால்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
மணியடித்துப் போனது.